குக்கரில் வெயிட் போடுவதற்கு முன்னால்

"எங்கள் தெருவில் ஒரே ஒரு டாக்டர் நடத்தும் சின்னப் பல் கிளினிக் இருக்கிறது. வாணியம்பாடி செய்தியைப் படித்ததிலிருந்து அங்கே போகவே பயம். கருவிகள் சுத்தம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பயம் நியாயமானது. 2022-23இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மூளையைத் தாக்கும் வடிவில் வந்தது. 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஆராய்ந்தபோது, சலைன் பாட்டிலை ஈறு விலக்கும் கருவியால் திறந்து, தளர்வாக மூடி, மறுபடி பயன்படுத்திவந்தது தெரிந்தது. திறந்த சலைனை அந்த ஒரு நோயாளியோடு கொட்டிவிட வேண்டும். இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

சரி, கருவிகளுக்கு வருவோம். கிளினிக்கின் மூலையில் இருக்கும் ஆட்டோகிளேவ், அதாவது நீராவியால் கருவிகளைச் சுத்திகரிக்கும் இயந்திரம், அடிப்படையில் குக்கர்தான். 1679இல் டெனி பாப்பின் செய்த நீராவிப் பாத்திரம்தான் குக்கரின் மூதாதை. சரியாக 200 ஆண்டு கழித்து, கிருமிகளை ஆராய்ந்த விஞ்ஞானி லூயி பாஸ்டரிடம் வேலை பார்த்த சார்ல்ஸ் சாம்பர்லாண்ட் அதே தத்துவத்தில் ஆட்டோகிளேவை உருவாக்கினார். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 121 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 30 பவுண்டில் 134. கிருமியைக் கொல்வது அழுத்தம் அல்ல. அது கொதிநிலையை உயர்த்துகிறது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். உலர்ந்த சூட்டில் கருவியைச் சுத்திகரிக்க 160 டிகிரியில் 2 மணி நேரம் வேண்டும். நீராவிக்கு 134 டிகிரியில் 3 நிமிடம் போதும். குறைந்த சூடு, குறைந்த நேரம். எப்படி?

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை வெந்திருக்கும் அல்லவா? ஆவி தோலில் பட்டு நீராக மாறும் அந்தக் கணத்தில், ஒரு கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. அதே ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி ஆறினால் தருவது ஒரே ஒரு கலோரி. ஆட்டோகிளேவுக்குள் குளிர்ந்த இரும்பின் மேல் நடப்பதும் இதுதான். இன்னொன்றும் நடக்கிறது. 121 டிகிரியில் முக்கால் லிட்டருக்கு மேல் இடத்தை அடைத்திருந்த ஒரு கிராம் ஆவி, ஒரு மில்லி நீராகச் சுருங்குகிறது. காலியான இடத்துக்குப் புது ஆவி பாய்ந்து வருகிறது. எந்த இடுக்கு இன்னும் குளிர்ந்திருக்கிறதோ அங்கேதான் ஆவி அதிகம் நீராகும். அதனால் அங்கேதான் அதிகம் பாயும். யாரும் வழிகாட்டாமலே ஆவி குளிர்ந்த மூலையைத் தேடிப் போகிறது! கூடவே ஈரமும் சேர்கிறது. ஈரத்தில் புரதம் சீக்கிரம் குலையும். முட்டை வெள்ளைக்கரு நீரோடு இருந்தால் 60 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கும். முழுக்க உலர்த்திவிட்டால் 160 டிகிரி வரை தாங்கும்.

இவ்வளவையும் கெடுக்கக்கூடியது காற்று. காற்று அடைத்த இடத்துக்குள் ஆவி நுழையாது. பாதிக் காற்று உள்ளேயே நின்றுவிட்டால், அழுத்தம் காட்டும் முள் 15 பவுண்டில் நிற்கும், சூடோ 112 டிகிரியில் நிற்கும். ஆவி சீராக வரத் தொடங்கிய பிறகு குக்கருக்கு வெயிட் போடு என்று அம்மா சொன்னது இதற்காகத்தான்: முதலில் காற்று வெளியேற வேண்டும்.

தட்டையான கண்ணாடி, இடுக்கி போன்றவற்றை எளிய ஆட்டோகிளேவே பார்த்துக்கொள்ளும். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் அப்படி அல்ல. நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று நிற்கும்போது, எச்சிலையும் ரத்தத்தையும் தன் மெல்லிய குழாய்களுக்குள் இழுத்துக்கொள்ளக்கூடும். அந்தக் குழாய்க்குள் நிற்கும் காற்றை ஆவி தானாகத் தள்ளாது. பம்பு வைத்துப் பலமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதைச் செய்யும் இயந்திரத்துக்கு 'பி' வகை என்று பெயர். நீல விளக்கு எரியும் யூவி (புற ஊதா ஒளி) பெட்டி இதற்கு மாற்று இல்லை. ஒளி படாத இடத்தில் அது ஒன்றும் செய்யாது. அந்த விளக்கின் மேல் பலர் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன்.

கருவியைப் போட்டு ஒட்டும் பவுச்சில் (உறையில்) நிறம் மாறும் குறி, உள்ளே சூடு போனதைக் காட்டும். கிருமி செத்ததைக் காட்டாது. அதற்கு ஸ்போர் சோதனை இருக்கிறது. ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற, சூட்டுக்கு அசையாத பாக்டீரியாவின் ஸ்போர்களை (விதை போல உறங்கும் வடிவங்களை) கருவிகளோடு உள்ளே வைத்து எடுத்து, அந்த பாக்டீரியாவுக்குப் பிடித்த சூட்டில் வளர்த்துப் பார்ப்பார்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் இயந்திரம் வேலை செய்கிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை செய்வது நல்லது. ஒற்றை டாக்டர் கிளினிக்கால் இதை ஒழுங்காகச் செய்வது கஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சின்னக் கிளினிக்குகளுக்கு இந்தச் சோதனையைத் தபாலில் வாங்கி இலவசமாகச் செய்து கொடுக்கலாம். பெரிய கட்டடங்களுக்குப் போகும் பணத்தில் சிறு துளி இதற்குப் போதும்.

வாசகிக்கு என் பதில் இது: பவுச்சை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பீஸையும் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றி ஆட்டோகிளேவ் செய்கிறார்களா, கடைசி ஸ்போர் சோதனை எந்தத் தேதியில் நடந்தது என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்தும் டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், நோட்டை எடுத்துக் காட்டுவார்.