கல்யாண அச்சு வேலை: அட்டையைத் தேர்வதற்கு முன் வாசகத்தை முடியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் என நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எந்த ஊர் அச்சகத்துக்குக் கல்யாண வேலையாக வருகிற குடும்பமும் முதலில் கேட்பது கார்டு ஆல்பத்தைத்தான். எந்த நிறம், எந்த மடிப்பு, எவ்வளவு விலை என்று அரை நாள் பேசி முடித்த பிறகே, உள்ளே என்ன அச்சிட வேண்டும் என்ற பேச்சு வருகிறது. அப்போதுதான் மணமகளின் தாத்தா பெயருக்கு முன்னெழுத்து ஒன்றா இரண்டா என்று வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்கத் தொடங்குகிறார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது, இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். ஆல்பத்தில் இருக்கும் அட்டைகளில் பெரும்பாலானவை சிவகாசியில் ஆயத்தமாக அச்சாகி வருபவை. விரும்பியது இல்லாவிட்டால் அதைப் போன்ற வேறொன்று எப்படியும் கிடைத்துவிடும். வாசகம் அப்படியல்ல, அதைக் குடும்பத்தார் கூடி உட்கார்ந்துதான் எழுத வேண்டும், அதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும்.

வாசகத்தில் மணமக்களின் பெயர்களை எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 நடைமுறைக்கு வந்தபின், எந்த மதத்தினராக இருந்தாலும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கூடுதல் கட்டணம் இல்லாமல் பதிவு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. அந்தப் பதிவுக்குத் திருமணம் நடந்ததற்கான சான்றாகப் பலரும் கொடுப்பது அழைப்பிதழைத்தான். வீட்டில் அழைக்கும் பெயரை மட்டும் அச்சிட்டுவிட்டு, ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் வேறு பெயர் இருக்குமானால், அலுவலகத்தில் கேள்வி எழும், சில வேளைகளில் கூடுதல் சான்றுகளுக்காக மீண்டும் அலைய வேண்டியிருக்கும். நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் நிறைய. மனைவிக்கு விசா எடுக்கத் திருமணச் சான்றிதழை அவசரமாகக் கேட்பார்கள். ஆகவே மணமக்கள் இருவரின் பெயரையும் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். வீட்டுப் பெயரும் வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளலாம், அதில் யாருக்கும் மனக்குறை இருக்காது.

முன்னெழுத்து விஷயத்தில் நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தகப்பனார் பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர், ஊர்ப் பெயர் என இரண்டு மூன்று முன்னெழுத்துகள் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி இன்னொரு விதமாகவும் எழுதுவதுண்டு. உறவினர் பெயர்களை நினைவிலிருந்து எழுதாமல், அவரவரிடமே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு முன்னெழுத்து விடுபட்டதற்காகக் கல்யாணத்துக்கே வராமல் இருந்த தாய்மாமன்கள் உண்டு என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதைவிட வேதனையான பிழை ஒன்று உண்டு. மூத்த பிள்ளையின் கல்யாணத்துக்கு அடித்த பழைய பத்திரிகையை நீட்டி, 'இதே மாதிரி பெயரை மட்டும் மாற்றி அடியுங்கள்' என்று சொல்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாட்டியார் காலமாகியிருப்பார். புதிய பத்திரிகையிலோ 'திருமதி' என்றே வந்துவிடும். 'தெய்வத்திரு', 'காலஞ்சென்ற', 'மர்ஹூம்' என அந்தந்தக் குடும்பத்தின் முறைப்படி சேர்க்க வேண்டிய அடைமொழி விடுபட்டுப்போவதும், அதைவிட மோசமாக, உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயருக்கு முன் அது தவறி ஏறிவிடுவதும், எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் ஆறாத காயங்கள். பழைய பத்திரிகையை மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாசகத்தைப் புதிதாகவே எழுதுங்கள்.

தேதி வரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், தமிழ் ஆண்டோடு மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டையும் அச்சிடும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் தொடர்கிறது. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கும், கொல்லம் ஆண்டோ ஆவணியில் பிறக்கும். 2026 மே மாதத்தில் நடக்கும் கல்யாணத்துக்குக் கொல்லம் 1201 என்று போட வேண்டும், அதே ஆண்டு செப்டம்பரில் நடப்பதற்கு 1202; தமிழ் ஆண்டு இரண்டுக்குமே பராபவதான். போதாததற்கு, மலையாள மாதப் பிறப்பும் தமிழ் மாதப் பிறப்பும் சில மாதங்களில் ஒரு நாள் முன்பின்னாக வரும். எனவே இரண்டு கணக்கையும் அச்சிட விரும்புவோர் இரண்டு நாட்காட்டிகளையும் கையில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும். அது முடியாதென்றால் ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் கிழமையும் போதுமானவை. தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்பதை ஒருவர் தனியாகப் பார்க்கட்டும், ஏனென்றால் நான் திருத்துகிற பிழைகளில் அதிகம் வருவது இதுதான்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மண்டபம் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தேதியை உறுதியாக எடுத்துக்கொண்டு அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரு தரப்பு ஆலயங்களிலும் ஓலை வாசிப்புக்கான (ஆலயத்தில் திருமண அறிவிப்பை வாசிப்பதற்கான) ஏற்பாடு முடிந்து, ஆலயத்தில் நேரமும் குறிக்கப்பட்ட பிறகே கார்டு அடிப்பது பாதுகாப்பு. பத்தரை மணி என்று அச்சிட்ட பிறகு, அதே நாளில் வேறொரு கல்யாணம் இருப்பதால் பன்னிரண்டுக்கு மாற்றச் சொன்னால், ஒவ்வொரு கார்டிலும் ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

ஊர்ப்பெயரையும் அலட்சியமாக எழுதக் கூடாது. 'விளை' என்று முடியும் ஊர்கள் நம்மிடம் எத்தனையோ, ஒரே பெயரில் இரண்டு மூன்று இடங்களிலும் உண்டு. மண்டபத்தின் பெயரோடு, எந்தச் சாலையில், எந்தச் சந்திப்பிலிருந்து எந்தப் பக்கம் என்ற ஒரு வரியும் 629 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் இருக்கட்டும். வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லிவிடுவது பெரிய உதவி. நாகர்கோவில் சந்திப்பு என்றும் நாகர்கோவில் டவுன் என்றும் இரண்டு நிலையங்கள் இருப்பதும், குழித்துறைக்கும் குழித்துறை மேற்குக்கும் வேறுபாடு இருப்பதும் சென்னையிலோ கோவையிலோ வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. வரைபடத்துக்கான கியூஆர் குறியீட்டை அச்சிடுவதாக இருந்தால், ப்ரூஃப் தாளிலேயே (அச்சுக்கு முன் பிழைதிருத்த எடுக்கும் மாதிரித் தாளிலேயே) இரண்டு கைபேசிகளில் ஸ்கேன் செய்து பாருங்கள். அடர்ந்த நிறத்தின் மேல் தங்க மையில் அடித்த குறியீட்டைப் பல கைபேசிகள் படிப்பதில்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். ஆளைக் கணக்கிடாமல் வீட்டைக் கணக்கிட வேண்டும். ஊர்வாரியாகப் பட்டியல் எழுதி, நேரில் போய் விளிக்க வேண்டியவை, தபாலில் போக வேண்டியவை, கைபேசியில் அனுப்பினால் போதுமானவை என்று மூன்றாகப் பிரித்தாலே தேவையான கார்டு எண்ணிக்கை தெளிவாகிவிடும். ஒரே கூரையின் கீழ் தனிச் சமையல் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்குத் தனித்தனிக் கார்டு வைப்பதா என்பதை அந்தந்த ஊர் வழக்கப்படி முடிவு செய்யுங்கள். இப்படி வந்த எண்ணிக்கைக்கு மேல் ஐம்பது கார்டாவது சேர்த்து அடிப்பது நல்லது. ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) போட்டு இயந்திரத்தை ஏற்றும் செலவு நூறு கார்டுக்கும் ஆயிரம் கார்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், பிறகு தனியாக ஐம்பது அடிக்கும்போது ஒரு கார்டின் விலை பல மடங்காகிவிடும். பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பக்கம் உறவு வைத்திருக்கும் விளவங்கோட்டுக் குடும்பங்கள், தமிழ் படிக்கத் தெரியாத உறவினருக்காக மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ தனியாகக் கொஞ்சம் அடிப்பதுண்டு. அந்த எண்ணிக்கையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கைபேசி அழைப்பிதழைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பை (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பை) அனுப்பி, அதைத் திறப்பவரின் கைபேசியையே கைப்பற்றிப் பணத்தைத் திருடும் மோசடி குறித்துக் காவல் துறையினர் 2024 முதல் எச்சரித்து வருகிறார்கள். உங்கள் அழைப்பிதழைப் பிடிஎஃப் கோப்பாகவோ படமாகவோ மட்டும் அனுப்புங்கள், கூடவே உங்கள் குரலில் நான்கு வார்த்தை பேசி அனுப்பினால் பெறுபவருக்கு ஐயம் வராது. வீட்டுப் பெரியவர்களிடம், தெரியாத எண்ணிலிருந்து வரும் ஏபிகே கோப்பு பத்திரிகை அல்ல, தொடக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.

இனி ப்ரூஃப். வாட்ஸ்அப்பில் நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பும் வாசகம் யூனிகோடில் இருக்கும், பல அச்சகங்களில் வடிவமைப்புக்குப் பழைய எழுத்துருக்களே இன்னும் பயன்படுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' உடைந்துபோகும், 'ஷ்' காணாமல் போகும். கைபேசித் திரையில் பார்த்து 'ஓகே' என்று அனுப்புவதை நான் ஏற்பதில்லை. தாளில் எடுத்துத்தான் கொடுப்பேன். ஒருவர் சான்றிதழ்களையும் கையெழுத்துப் பிரதியையும் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் ப்ரூஃபின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பின்தொடர வேண்டும். பிறகு கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை படியுங்கள், ஏனெனில் மேலிருந்து படிக்கும்போது பழகிய சொற்றொடர்களைக் கண் தானாகவே சரியாக்கிக்கொண்டு போய்விடும். ன, ண வேறுபாடும் ர, ற வேறுபாடும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாசிப்பில்தான் அகப்படும். எல்லாம் முடிந்தபின் ப்ரூஃபில் கையெழுத்தும் தேதியும் இடுங்கள். அது அச்சகத்துக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பாதுகாப்பு.

இவ்வளவும் ஆனபின் அட்டையைத் தேர்ந்தெடுங்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கும் குடும்பங்கள், பளபளப்பான லேமினேஷன் அட்டையை எடுத்தால் மஞ்சள் பிடிக்காமல் வழுக்கிக் கவரில்தான் அப்பிக்கொள்ளும்; லேமினேஷன் இல்லாத அட்டையே அவர்களுக்கு ஏற்றது. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டையை மறுசுழற்சிக்கு எடுப்பதும் கடினம். திருக்குர்ஆன் வசனமோ தெய்வப் படமோ அச்சிட்ட கார்டு பின்னாளில் குப்பையில் கிடந்து மிதிபடும் என்று வருந்துவோர் அவற்றைத் தவிர்ப்பது முழுக்க நியாயமானது, அழகும் அதனால் குறைவதில்லை.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆடிப்பெருக்குக்குப் பின் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டி வேலையில் இறங்கிவிடும், ஐப்பசி, கார்த்திகையில் அங்கிருந்து தனி வடிவமைப்புக் கார்டு வர வழக்கத்தைவிடத் தாமதமாகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஈரக்காற்றில் ஸ்கிரீன் பிரிண்டிங் மை காய நேரம் எடுக்கும், அவசரப்பட்டு அடுக்கினால் ஒரு கார்டின் எழுத்து மற்றொன்றின் முதுகில் ஒட்டும். கல்யாணத்துக்கு இரண்டரை மாதம் முன்பே வாசகம் முடிந்து, ஒன்றரை மாதம் முன்பு கார்டு கையில் இருந்தால் நிம்மதியாக விளிக்கப் போகலாம்.

ஆலயத்தில் கொடுக்கும் வழிபாட்டுப் புத்தகம் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே இருக்க முடியும். பதின்மூன்று பக்கத்துக்கு விஷயம் இருந்தால் பதினாறு பக்கம் அச்சாகும். அந்த மூன்று பக்கத்துக்கு என்ன போடுவது என்பதை முன்கூட்டியே பேசுங்கள். பாடல்களையும் வாசகங்களையும் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

தாம்பூலப் பைக்குத் துணிப்பை அல்லது காகிதப் பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது, துணி போலத் தோன்றும் நெய்யாத பாலிபுரொப்பிலீன் பைகளும் அந்தத் தடைக்குள் வருகின்றன. பதாகையைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணத்துக்காகச் சாலை நடுவே வைத்திருந்த பதாகை சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற ஓர் இளம்பெண் உயிரிழந்தார். மண்டப வளாகத்துக்குள் மணமக்கள் பெயர்ப் பலகை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் பதாகை நிறுத்துவதற்கு அச்சடித்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்க வேண்டாம்.

கடைசியாக மொய் நோட்டு. கடையில் கிடைக்கும் சாதாரண நோட்டில் கோடு போட்டு எழுதுவதைவிட, வரிசை எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், தொகை என்று ஐந்து பத்தி அச்சிட்டுக் கெட்டி அட்டையுடன் கட்டிக்கொள்வது பல ஆண்டுகளுக்குப் பயன்படும். ஊர்ப் பத்தியை அகலமாக விடச் சொல்லுங்கள், ஒரே பெயரில் பலர் இருக்கும் நம் பக்கத்தில் அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண முடியும். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தனித்தனி நோட்டு, தண்ணீர் பட்டால் கரையாத பால்பாயிண்ட் பேனா இரண்டு, கையெழுத்துத் தெளிவாக உள்ள ஒருவர், பணத்தை எண்ணி வாங்க இன்னொருவர் என்று கல்யாணத்துக்கு முந்தின நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள்.