கண்ணாடிக்குள் தண்ணீர்

2008 ஆகஸ்ட் 13, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சல் இறுதிப்போட்டியில் குதித்த கொஞ்ச நேரத்திலேயே அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசி 50 மீட்டரில் எதிர்ச்சுவரும் தெரியவில்லை, குளத்தின் தரையில் இருக்கும் கறுப்புக் கோடும் தெரியவில்லை. கண்ணாடியைச் சரிசெய்யவும் வழியில்லை. பட்டர்ஃபிளையில் இரண்டு கைகளையும் ஒன்றாகவே வீச வேண்டும் என்பது விதி. அவர் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்திப்போய்ச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 விநாடி. தங்கமும் உலக சாதனையும்.

அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. பயிற்சியாளர் பாப் போமன், சிறுவயதிலிருந்தே தூங்கப் போகும்போதும் எழுந்ததும் போட்டியை மனதுக்குள் முழுசாக ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பழக்கியிருந்தார். சரியாகப் போகும் போட்டியை மட்டுமல்ல, சொதப்பும் போட்டியையும். ஒருமுறை வேண்டுமென்றே ஃபெல்ப்ஸின் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டு நீந்த விட்டாராம். கொடுமைதான், பலித்தது.

இந்த ஒத்திகை எப்படி வேலை செய்கிறது? கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கையெழுத்தைப் போடுவதாக நினைத்துப் பாருங்கள். நிஜமாகப் போட ஆகும் நேரம்தான் ஏறக்குறைய இதற்கும் ஆகும். அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளும் சிறுமூளையும் கற்பனையின்போதும் இயங்குகின்றன. கட்டளை மட்டும் தசையை எட்டாமல் தடுக்கப்படுகிறது. அதனால் வரிசையும் தாளமும் மனதுக்குள்ளேயே படிந்துவிடுகின்றன. கண் கைவிட்டபோது ஃபெல்ப்ஸுக்குக் கைகொடுத்தது அந்தத் தாளம்தான்.

1992இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யூ, கோல் இருவரும் சுண்டுவிரலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நான்கு வாரம் விரலை நிஜமாகவே அழுத்திப் பயின்றவர்களுக்கு வலு 30 சதவீதம் கூடியது. அழுத்துவதாக நினைக்க மட்டும் செய்தவர்களுக்கு 22 சதவீதம். சும்மா இருந்தவர்களுக்கு 4 சதவீதம்கூட இல்லை. நினைத்தவர்களின் தசை வேலையே செய்யவில்லை. அதற்கு மூளை அனுப்பும் கட்டளைதான் தேறியிருந்தது.

இதை வைத்துக்கொண்டு, மேடையேறிப் பதக்கம் வாங்குவதாகத் தினமும் கனவு காணுங்கள் என்று சொல்லும் பேச்சாளர்களை நான் நம்புவதில்லை. ஃபெல்ப்ஸ் ஓட்டிப் பார்த்தது பரிசளிப்பு விழாவை அல்ல. குதிப்பு, கைவீச்சு, திருப்பம், கூடவே நேரக்கூடிய விபத்து. அதிலும் உடம்பு அறிந்த அசைவைத்தான் மனம் நன்றாக ஒத்திகை பார்க்கும். தண்ணீரில் இறங்காதவன் மனதுக்குள் நீந்தினால் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

சுவரைத் தொட்டதும் ஃபெல்ப்ஸ் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு நேரப்பலகையைப் பார்த்தார். உலக சாதனை. முகத்தில் சிரிப்பில்லை. இன்னும் வேகமாக முடித்திருக்கலாம் என்று பிறகு குறைபட்டுக்கொண்டார்.