சோஷியல் மொபிலிட்டி: சமூகப் படிநகர்வு

வருமானம், தொழில், கல்வி, சொத்து ஆகியவற்றில் ஓர் ஆளோ குடும்பமோ சமூகத்தின் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குப் போவதையே சோஷியல் மொபிலிட்டி என்கிறார்கள். ஏறினாலும் இதே சொல்தான், இறங்கினாலும் இதே சொல்தான். 'மொபிலிஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'அசையக்கூடியது' என்று பொருள். ருசியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பித்திரிம் சொரோக்கின் 1927 இல் வெளியிட்ட நூலே இதைக் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியது. மேல்-கீழ் நகர்வையும் பக்கநகர்வையும் அவர் பிரித்துக் காட்டினார். கூலிக்காரரின் மகள் ஆசிரியை ஆவது முதல் வகை. பரந்தனில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர் வவுனியாவில் அதே வேலைக்குப் போவது இரண்டாம் வகை.

தமிழில் சமூக அசைவியக்கம், சமூக நகர்வு, சமூக இடப்பெயர்வு எனப் பல வழங்குகின்றன. கடைசிச் சொல்லைத் தவிர்க்கவேண்டும். 'பெயர்தல்' பழைய சொல். பட்டினப்பாலையிலேயே 'புலம்பெயர் மாக்கள்' வருகிறார்கள். ஆனால் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் போர்க்கால இடப்பெயர்வைத்தான் நினைப்பார்கள்: இடப்பெயர்வு என்றால் 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, 2008-09 இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை போனது, பிறகு செட்டிகுளம் முகாம். அந்தச் சொல்லைப் போட்டுக் கேள்வி கேட்டால் சனம் விட்டுவந்த ஊர்களைத்தான் எண்ணிச் சொல்லும். 'முன்னேற்றம்' என்பதும் பொருந்தாது, இறக்கம் அதில் அடங்கவில்லை. பேச்சில் 'முன்னுக்கு வாறது', 'நொடிச்சுப்போறது' என இரண்டும் தனித்தனியாக உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லப் 'படிநகர்வு' பொருந்தும். அதிலிருந்து படியேற்றம், படியிறக்கம் என்றும் பிரிக்கலாம்.

அளக்கும் முறை கடினமானதல்ல. ஊரிலுள்ள பெற்றோர் தலைமுறையை வருமானப்படி ஐந்து சமப் படிகளாக்குங்கள். பிள்ளைகளின் தலைமுறையையும் அப்படியே பிரித்து, எந்தப் படியில் பிறந்தவர் இப்போது எதில் இருக்கிறார் என அட்டவணை இடுங்கள். பிறப்புக்கும் நிலைக்கும் தொடர்பே இல்லையென்றால், அடிப்படியில் பிறந்த 100 பேரில் 20 பேர் மட்டுமே அங்கே இருப்பார்கள். 40 பேர் இருந்தால் பிறப்பு பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். இருவரையும் ஏறத்தாழ ஒரே வயதில், சொல்லப்போனால் 35-45 இல், ஒப்பிடவேண்டும். 25 வயது மகனை 50 வயதுத் தகப்பனோடு வைத்தால் மகன் எப்போதும் கீழேதான் தெரிவான். ஒரு காலபோகத்தின், அதாவது ஒரு மாரிக்கால நெற்செய்கையின், வருமானம் போதாது. 2018 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்று வந்தால் நல்ல கமக்காரரும் அந்த வருடம் அடிப்படியில் நிற்பார், ஆகவே மூன்று வருடச் சராசரி எடுங்கள். வெளிநாட்டுக் காசைத் தனியாகக் குறியுங்கள். அது குடும்பத்தின் செலவை உயர்த்தும், ஊரில் ஒரு தொழிலை உருவாக்கியதா என்பது வேறு கேள்வி.

வன்னியில் நடக்கும் மிகப் பெரிய பிழை தொடக்க வருடத்தில். போர் முடிந்த மறுவருடமான 2010 ஐ அடியாக வைத்தால் எல்லாரும் ஏறியதாகவே வரும், ஏனென்றால் அப்போது கையில் ஒன்றுமே இருக்கவில்லை. தறப்பாள் கூடாரத்திலிருந்து கல்வீட்டுக்கு வந்தது மீட்சி. அதைப் படியேற்றம் என்று எழுதுவது தவறு. போருக்கு முந்திய காணி, மாடு, உழவு இயந்திரம், படகு ஆகியவற்றோடு ஒப்பிடாத எந்த அறிக்கையையும் நம்பவேண்டாம்.

'உழைச்சா எவரும் ஏறலாம்' என்ற நம்பிக்கையையும் இங்கே சோதிக்கவேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் 2018 அறிக்கை, ஏழைக் குடும்பமொன்றின் வழித்தோன்றல்கள் சராசரி வருமானத்தை எட்ட அதன் உறுப்பு நாடுகளில் சராசரியாக நான்கைந்து தலைமுறை ஆகும் என்றது. டென்மார்க்கில் இரண்டு. உழைப்பில் அங்கே அவ்வளவு வித்தியாசம் இருக்க முடியாது. வன்னியில் தடை பெரும்பாலும் காணியில் தொடங்குகிறது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைக் குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது. பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கே போகும், மற்றவர்கள் குத்தகைக்கோ கூலிக்கோ போகிறார்கள். தமிழருக்கு எதிரான 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல மேட்டுக்காணிகளில் அமர்ந்தன. இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. எவ்வளவு உழைத்தாலும் அங்கே நெல் இரண்டு போகம் விளையாது.

சனத்துக்குள் பிரிவினை இந்த இடத்தில்தான் நுழைகிறது. ஏணி குறுகும்போது பக்கத்தில் நிற்பவனே தடை என்று தோன்றும். பல்கலைக்கழக அனுமதி இதற்கு நல்ல உதாரணம். 1970களின் மொழிவாரித் தரப்படுத்தல், அதாவது தமிழில் பரீட்சை எழுதியவருக்குக் கூடிய புள்ளி கேட்ட முறை, தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி. அதன்பின் வந்த மாவட்ட ஒதுக்கீடோ யாழ்ப்பாணத்தை மேலும் பாதித்தாலும் வவுனியா, மன்னார் போன்ற மாவட்டங்களுக்குக் கதவு திறந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால் தமிழருக்குள்ளேயே வீண் மனக்கசப்பு வளர்கிறது. இப்போது பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். வன்னி மாவட்டங்கள் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன.

கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ படிநகர்வு அட்டவணை தயாரித்தால், காணிப் பத்திர வகை, வாய்க்கால் தலைப்பிலிருந்து தூரம், கடன், பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டா என்பவற்றை முதல் நிரல்களில் (அட்டவணையின் நெடுங்கட்டங்களில்) போடுங்கள். சாதி, மதம், பூர்வீக ஊர் என்பன அதற்குப் பிறகு வரட்டும். ஒரே வாய்க்காலின் கடைசியில் கமம் செய்யும் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே வரிசையில் விழுவதை முதலில் காணலாம். ஆனால் அந்தப் பின்நிரல்களை நீக்கிவிடக் கூடாது. காணியும் தண்ணீரும் சமமாக இருந்தும் ஒரு குழு மட்டும் கீழே நின்றால், அங்கே நடப்பது பாகுபாடு என்பதை அந்த நிரல்களில் மட்டுமே பிடிக்க முடியும்.