ரத்தம் எங்கே போகிறது? ஜிஸ்ட் என்ற அரிய கட்டியைப் பற்றி

கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மா அவர். வயது 56. முதல் முறை என் அறைக்குள் வந்தபோது மகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 6.2.

"எட்டு மாசமா சத்து மாத்திரை சாப்பிடுறேன் சார், ஏறவே மாட்டேங்குது" என்றார்.

"வெளிக்கு எப்படிம்மா போகுது?"

"கருப்பாத்தான் போகுது. மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும்னு சொல்லிட்டாங்க."

சொன்னவர்கள் சொன்னது பொய்யில்லை, சிக்கலே அதுதான். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும், கொஞ்சம் கரும்பச்சையாகவும் இருக்கும். ஆனால் பார்ப்பதற்கு வழக்கமான மலம் போலவே இருக்கும். இரைப்பையிலோ சிறுகுடலின் மேல் பகுதியிலோ ரத்தம் கசிந்து, செரித்து, கீழே வரும்போது அது வேறு மாதிரி. ரோடு போடும் தார் போலப் பளபளப்பாக, பிசுபிசுவென்று, ஒரு தனி நாற்றத்தோடு இருக்கும். "ரெண்டு வாளி தண்ணி ஊத்தினாலும் ஒட்டிக்கிட்டே இருக்குமா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் மகளைப் பார்த்தார். "ஆமா சார், நான்தான் தேய்ச்சுக் கழுவுவேன்" என்றார் மகள். எந்த ஸ்கேனும் எடுக்கும் முன்பே பாதி விஷயம் அங்கே தெரிந்துவிட்டது.

மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ ரத்தசோகை என்றால் ரத்தம் எங்கே போகிறது என்று ஒரு முறையாவது தேட வேண்டும். தேடினால் பெரும்பாலும் கிடைப்பது அல்சர், மூலம், கொக்கிப்புழு, சில நேரம் பெருங்குடல் புற்று. நான் இங்கே சொல்லப்போகும் கட்டி இந்த வரிசையில் கடைசியில் வருவது. பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு 10 முதல் 15 பேருக்குத்தான் வரும். அதனால் கருப்பாகப் போனாலே இதுதான் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

அந்த அம்மாவின் பிளாஸ்டிக் கவரில் ஒரு வருடத்துக்கு முந்தைய எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் ஒன்றும் இருந்தது. வேறு ஓர் இடத்தில் எடுத்தது. 'இரைப்பையில் சிறு புடைப்பு, மேற்பரப்பு இயல்பு' என்று எழுதி, கூடவே ஒரு பயாப்ஸி ரிப்போர்ட்: 'சாதாரண அழற்சி, புற்று இல்லை'. கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்றதும் குடும்பமே நிம்மதியாகிவிட்டது.

இந்தக் கட்டி இப்படித்தான் ஏமாற்றும். வழக்கமான இரைப்பைப் புற்று உட்புறத் தோலிலேயே தொடங்குகிறது, குழாயை விட்டுப் பார்த்தால் புண்ணாகத் தெரியும். இதுவோ அந்தத் தோலுக்கு அடியில், தசை அடுக்கில் வளர்வது. மெத்தை விரிப்புக்குக் கீழே ஒரு பந்தை வைத்தால் எப்படித் தெரியும்? விரிப்பு நன்றாகத்தான் இருக்கும், நடுவில் ஒரு மேடு மட்டும் இருக்கும். சாதாரண பயாப்ஸி இடுக்கி விரிப்பைத்தான் கிள்ளும், பந்தைத் தொடாது. அதனால் 'மேடு இருக்கிறது, பயாப்ஸி நார்மல்' என்று வந்தால் விஷயம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவி உண்டு, அதை வைத்து அந்த மேட்டின் உள்ளே பார்க்கலாம், ஊசி விட்டுத் திசுவும் எடுக்கலாம். குறைந்தபட்சம் ஒரு சிடி ஸ்கேனாவது எடுக்க வேண்டும். இவருக்கு சிடியில் தெரிந்தது 7 செ.மீ. கட்டி. முக்கால் பங்கு இரைப்பைக்கு வெளிப்பக்கமாக வளர்ந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்த கால் பங்கின் உச்சியில் ஒரு சின்ன புண். ரத்தம் அங்கிருந்துதான் கசிந்துகொண்டிருந்தது.

பெயர் ஜிஸ்ட். காஸ்ட்ரோ இன்டஸ்டைனல் ஸ்ட்ரோமல் ட்யூமர் என்பதன் சுருக்கம். நம் குடல் யாரும் சொல்லாமல் தானாகவே அலை அலையாக அசைகிறது அல்லவா, அதற்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் செல்கள் சில தசைகளுக்கு நடுவே இருக்கின்றன. அவற்றை விவரித்தவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஹால், 1906-ல் நோபல் பரிசு வாங்கியவர். கஹால் செல்கள் என்றே அவற்றுக்குப் பெயர். ஜிஸ்ட் அந்த வம்சத்துக் கட்டி. சுமார் 60 சதவீதம் இரைப்பையில், 30 சதவீதம் சிறுகுடலில், மிச்சம் மலக்குடல் போன்ற இடங்களில். ரொம்ப காலம் இதைத் தசைக் கட்டி என்றே நினைத்து 'லியோமயோமா' என்று எழுதிக்கொண்டிருந்தோம். 1998-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதில் 'கிட்' என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் காட்டினார்கள். வளரச் சொல்லும் ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொண்ட மாதிரி. கதை அங்கேதான் திரும்பியது.

சரி, அறுவை சிகிச்சைக்கு வருவோம். இரைப்பையில் கட்டி என்றதும் 'வயித்தையே எடுத்துடுவீங்களா' என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் தேவைப்படாது. வழக்கமான இரைப்பைப் புற்று நெறிகட்டிகளுக்குப் பரவும் என்பதால் நிறைய வெட்டுவோம். ஜிஸ்ட் அங்கே போவது அபூர்வம். போனால் கல்லீரலுக்கும் வயிற்றின் உள்சவ்வுக்கும் போகும். அதனால் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இரைப்பைச் சுவரையும் எடுத்தால் போதும். வேறொரு விஷயத்தில்தான் எங்களுக்குக் கை நடுங்கும். இந்தக் கட்டியின் உறை மிக மெல்லியது, உள்ளே கொழகொழவென்று இருக்கும். நன்கு பழுத்த பப்பாளியைக் கூடையிலிருந்து எடுப்பது போலத் தூக்க வேண்டும். உடைந்து சிந்தினால் வயிறு முழுக்க விதைத்த மாதிரிதான், பிற்பாடு திரும்பி வரும் ஆபத்து ஒரேயடியாக ஏறிவிடும். வெளியிலிருந்து தோல் வழியாக ஊசி குத்திப் பார்க்க நாங்கள் தயங்குவதும் இதனால்தான். இவருக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, நான்காவது நாள் ஆபரேஷன் செய்தோம். கட்டி உடையாமல் பைக்குள் வந்து விழுந்தபோது மயக்க மருந்து டாக்டர் உட்பட எல்லாரும் மூச்சுவிட்டோம்.

எடுத்த பிறகுதான் அடுத்த கேள்வி: திரும்பி வருமா? கட்டி எவ்வளவு பெரியது, எந்த இடத்தில் இருந்தது, அதன் செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, உடைந்ததா என்ற நாலையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும். இடம் எவ்வளவு முக்கியம் என்றால், செல் பிரிவு குறைவாக உள்ள 7 செ.மீ. கட்டி இரைப்பையில் இருந்தால் பரவும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே, அதே கட்டி சிறுகுடலில் என்றால் ஏறத்தாழ 24. இந்த அம்மாவின் கட்டியில் செல் பிரிவு அதிகம், வாய்ப்பு பாதியைத் தாண்டியது. ஆகவே மாத்திரை.

மாத்திரையின் பெயர் இமாடினிப். ஆன் நிலையில் மாட்டிக்கொண்ட அந்த 'கிட்' ஸ்விட்ச்சை அணைப்பதுதான் இதன் வேலை. 2000-ல் ஹெல்சிங்கியில் ஜிஸ்ட் முற்றிப்போய், கீமோவும் பலிக்காத ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் ஸ்கேனில் ஒளிர்ந்த கட்டிகள் அணைந்துபோயின. அதற்கு முன் ஜிஸ்ட்டுக்குக் கீமோவோ கதிர்வீச்சோ சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்ததில்லை.

இந்த மாத்திரைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு, கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். மும்பையின் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷனும் சில இந்திய மருந்து கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. காப்புரிமை கிடையாது என்றார்கள். அந்த நாட்களில் கம்பெனி மருந்து மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய், நம் நாட்டுத் தயாரிப்பு 8,000 முதல் 10,000. பூ விற்பவரிடம் 'மூணு வருஷம் மாத்திரை சாப்பிடணும்மா' என்று இன்று கூசாமல் சொல்ல முடிகிறது என்றால், அந்தத் தீர்ப்பு அதற்கு ஒரு காரணம்.

வழக்கமான அளவு தினம் 400 மி.கி. ஆனால் எல்லா ஜிஸ்ட்டுக்கும் ஒரே மாத்திரை எடுபடாது. கிட் மரபணுவில் பழுது எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்துச் சிலருக்கு 800 வேண்டும். 'பிடிஜிஎஃப்ஆர்ஏ' என்ற இன்னொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாடினிப் வேலையே செய்யாது, அவர்களுக்கு அவாப்ரிடினிப் என்ற வேறு மருந்து. இதனால் மரபணுப் பரிசோதனை செய்யாமல் வருடக்கணக்கில் மாத்திரை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பணம் செலவாகும்தான், வீண்போகாத செலவு. எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள், பிளாக் என்போம். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு அந்த பிளாக்கையும் கேட்டு வாங்கிப் போங்கள். கார் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு வெயிலில் இளகிவிடும்.

பக்கவிளைவு கீமோ போல இல்லை, முடி கொட்டாது என்றே சொல்லலாம். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், ராத்திரி கெண்டைக்கால் சுளுக்கும், குமட்டும். நம் ஊர்க்காரர்களுக்குத் தோல் வெளுப்பது பளிச்சென்று தெரியும். "கலராயிட்டேன்னு சொந்தக்காரங்க எல்லாம் என்ன கிரீம்னு கேக்கிறாங்க சார்" என்று ஒருவர் சிரித்தார். மருந்து நின்றால் பழைய நிறம் வரும் என்றதும் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. கவனிக்க வேண்டிய இன்னொன்று காசநோய் மருந்து. அதிலுள்ள ரிஃபாம்பிசின் இமாடினிப்பை உடம்பிலிருந்து சீக்கிரம் துரத்திவிடும். டிபி சிகிச்சை தொடங்கும் இடத்தில் இந்த மாத்திரையைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. கல்லீரலுக்குப் பரவிய ஒருவர் இரண்டு வருடம் மாத்திரையில் நன்றாக இருந்தார், வயலுக்குப் போய்வந்தார். 'நல்லாத்தானே இருக்கே, எதுக்கு இவ்வளவு மாத்திரை' என்று யாரோ சொல்ல, நிறுத்திவிட்டார். ஐந்து மாதத்தில் வயிறு உப்பி வந்தார். பரவிய ஜிஸ்ட்டில் மாத்திரை கட்டியை அடக்கி வைத்திருக்கிறது, அழித்துவிடவில்லை. கையை எடுத்தால் எழுந்துகொள்ளும். மறுபடி ஆரம்பித்ததும் அவருக்கு அடங்கியது, எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. பிடி விட்டுப்போனால் சுனிடினிப், ரெகோராஃபெனிப், ரிப்ரெடினிப் என்று அடுத்தடுத்து மருந்துகள் உண்டு. விலையும் ஏறும், உடம்பு படும் பாடும் ஏறும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி சுருங்காமல், சில நேரம் லேசாகப் பெருத்தும் தெரியும். பயந்து நிறுத்த வேண்டாம். உள்ளே செத்து நீர்த்துப்போய், ஸ்கேனில் கருமையாகத் தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்றே பொருள். ஜிஸ்ட் பார்த்துப் பழகியவரிடம் ஸ்கேனைக் காட்டுங்கள்.

ஆடி மாதம் பூக்கார அம்மா மட்டும் ஒரு நாள் தனியாக வந்தார். வெள்ளிக்கிழமை பகலெல்லாம் விரதம், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது, அன்றைக்கு விட்டுவிடலாமா என்று கேட்க.

"விரதம் எத்தனை மணிக்கும்மா முடிப்பீங்க?"

"கடை எடுத்து வச்சுட்டு ஏழரைக்கு, ரெண்டு இட்லி."

"அப்போ தினமுமே அதுக்கப்புறம் போடுங்க. சொம்பு நிறையத் தண்ணி குடிங்க."

அன்றிலிருந்து ராத்திரி மாத்திரைதான். மூன்று வருடம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு சிடி, இதுவரை சுத்தம். போன முறை ஹீமோகுளோபின் 11.4.