கடலை அளவில் கொண்டு வாருங்கள்

நாயின் உடம்பில் தட்டுப்படும் கட்டியின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்பவர்கள் என் கால்நடை கிளினிக்குக்கு வந்ததில்லை. "கடுகு மாதிரி தட்டுப்படுதுங்க", "கடலை அளவு இருக்குதுங்க", "நெல்லிக்காய் ஆயிடுச்சுங்க" என்றுதான் சொல்வார்கள். நல்ல அளவைகள்தான். விரலுக்குத் தெரிந்ததை வாய் அப்படியே சொல்லிவிடுகிறது. என் கவலை வேறு. கடலையாக இருந்தபோதே கைக்குத் தட்டுப்பட்ட கட்டி, எலுமிச்சம்பழம் ஆன பிறகுதான் என் மேசைக்கு வருகிறது.

சேலம் அம்மாப்பேட்டை நெசவு வீடு ஒன்றிலிருந்து ரோசி வந்தபோது அதன் மடியில் இருந்த கட்டி மாவடுவைத் தாண்டியிருந்தது. (வீட்டாரை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நாயின் பெயர் உட்பட.) 9 வயது வெள்ளை ஸ்பிட்ஸ். நம் ஊர் வழக்கப்படி அவர்களும் பொமேரியன் என்றே சொன்னார்கள். கருத்தடை செய்யவில்லை. ஒரே ஒரு ஈத்து, அதுவும் ஆறு வருடத்துக்கு முன்னால்.

"பால் கட்டிக்கிட்டு இருக்குதுங்க டாக்டர். ரெண்டு வருசமா சின்னதாத்தான் இருந்துச்சு. தீபாவளிக்கு அப்புறம் சட்டுனு பெரிசாயிடுச்சு, நக்கிக்கிட்டே கெடக்குது" என்றார் அந்த அக்கா.

"பால் கட்டி" என்ற இந்தப் பெயர் எத்தனை நாய்களின் காலத்தைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும். குட்டிகளுக்குப் பாலூட்டும் நாய்க்குப் பால் கட்டலாம். அப்போது மடி சூடாக இருக்கும், தொட்டால் வலிக்கும், காய்ச்சல் அடிக்கும். குட்டி போடாமலேயே சில நாய்களுக்கு, ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து இரண்டு மாதம் கழித்து மடி சுரக்கும். சில வாரங்களில் தானே வற்றிவிடும். ஆறு வருடமாகக் குட்டி போடாத நாயின் மடியில், சூடில்லாமல் வலியில்லாமல் கல் மாதிரி ஒரு கட்டி மாதக்கணக்கில் நின்றால் அது பால் இல்லை.

கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வரும் கட்டிகளில் மடிக் கட்டிதான் முதலிடம். அவற்றில் ஏறக்குறைய பாதி புற்று, மீதி சாதுவானவை. எது எந்தப் பாதி என்று தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நான் உட்பட. மடி 5 ஜோடி. பின்னங்கால் பக்கம் இருக்கும் கடைசி இரண்டு ஜோடியில்தான் அதிகம் வரும். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அதைத் தாண்டத் தாண்ட நிலைமை மாறுகிறது. 3 சென்டிமீட்டர் என்பது ஒரு பெரிய நெல்லிக்காய்.

முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு மடிப் புற்று வரும் அபாயம், செய்யாத நாய்களோடு ஒப்பிட்டால் 0.5 சதவீதம் மட்டுமே என்று 1969-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இரண்டாம் ஹீட்டுக்கு முன் செய்தால் 8 சதவீதம், அதற்கும் பிறகு 26. அந்த எண்களின் துல்லியத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனாலும், "ஒரு தடவை குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதற்கு எந்த ஆதாரத்தையும் நான் பார்த்ததில்லை.

"புற்றுநோயா இருக்கலாம்" என்று சொல்லும்போது நான் நின்றுகொண்டு சொல்வதில்லை. உட்கார்ந்து, வந்தவர்களையும் உட்காரவைத்துச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டிருக்கிறேன். நான் அப்படிச் சொன்னதைக் கேட்ட ஒருவர் திரும்ப வரவேயில்லை. அந்த நாய் என்ன ஆனதோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா கேட்ட மூன்று கேள்விகளும் எல்லோரும் கேட்பவைதான். எங்களுக்குத் தொத்திக்குமா? நாங்க குடுத்த சாப்பாட்டுனாலயா? அதுக்கு வலிக்குதா?

முதல் கேள்விக்கு, மனிதர்களுக்கு நிச்சயமாகத் தொற்றாது. இரண்டாவதற்கு, சாப்பாடு காரணம் இல்லை. ஹார்மோனும் வயதும்தான் பெரும்பங்கு. குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குப் போகிறவர்களால் மருந்து சரியாகக் கொடுக்க முடிவதில்லை என்பதால் இதை நான் இரண்டு தடவை சொல்வேன். மூன்றாவதற்கு, ஆமாம், தோல் புண்ணாகும்போது வலிக்கும். நாய் அழாது. படுக்க இடம் மாற்றி மாற்றித் தேடும், நக்கும், வாசலுக்கு ஓடி வராமல் இருந்த இடத்திலிருந்தே வாலாட்டும்.

நாய்க்கு நாய் தொற்றும் புற்று ஒன்று உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இனச்சேர்க்கையின்போது தொற்றி, பிறப்புறுப்பில் வரும் காலிஃபிளவர் போன்ற கட்டி அது. நக்குவதால் மூக்கிலும் வாயிலும்கூட வரும். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்கள், இன்றுவரை நாய்விட்டு நாய் தாவி உயிரோடு இருக்கின்றன. சொட்டுச் சொட்டாக ரத்தம் வருவதைப் பார்த்து, "இன்னும் ஹீட்டே முடியல" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இதற்கு வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒன்றாக, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் போட்டால் அநேக நாய்களுக்கு முழுதாகக் குணமாகிவிடும். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையே அழுகிவிடும் என்பதால் அனுபவமில்லாதவர் கையால் வீட்டில் போட்டுக்கொள்ளக் கூடாது. தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர்கள் இந்த ஒரு நோயையாவது தெரிந்து வைத்திருங்கள்.

ஆபரேஷனுக்கு முன் ரோசிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். மடிப் புற்று பரவினால் முதலில் நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும்தான் போகும். ரோசிக்கு நுரையீரல் சுத்தமாக இருந்தது. ரத்தத்தில்தான் சிக்கல்: ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட், இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே. காதுக்குள் உண்ணி. உண்ணிக் காய்ச்சல் இந்த ஊர் நாய்களில் சகஜம். வெளியே ஒன்றும் தெரியாது, கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. மூன்று வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்து, எண்ணிக்கை ஏறிய பிறகே நாள் குறித்தேன். "புற்றுன்னு சொல்லிட்டு மூணு வாரம் தள்ளிப் போடறீங்களே" என்று அந்த வீட்டுத் தம்பி கோபப்பட்டார். கோபம் நியாயம்தான். அதனால்தான் ரத்தப் பரிசோதனை அறிக்கையை அவர் கையில் கொடுத்து, எண்ணைக் காட்டிப் பேசினேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்ன நாட்களும் உண்டு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து, 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, பெரிய உடம்புக்காரக் காவல் நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன்னங்கால் நொண்டுகிறது, மணிக்கட்டுக்கு மேலே வீக்கம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். எலும்புப் புற்று. காலை எடுத்துவிட்டால் வலி போகும். மூன்று காலில் நாய்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். அந்தத் தோட்டத்து மேஸ்திரி அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இதைத் திரும்ப இந்த வளைவுல ஏத்தி எறக்கி அலைக்கழிக்க வேண்டாங்க" என்றார். வலி மருந்து எழுதிக் கொடுத்தேன். பழம் பறிக்கும் நாட்கள் முழுவதும் அது களத்தில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்ததாம். எழ முடியாமல் போன அன்று போன் செய்தார். நான் மேலே போய், அதன் தலை அவர் மடியில் இருக்க, ஊசி போட்டேன். அதையும் நான் சிகிச்சை என்றுதான் சொல்வேன்.

ரோசியின் ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போனது. முந்தின இரவிலிருந்து சாப்பாடு கூடாது என்று அச்சடித்த தாளைக் கொடுத்திருந்தேன். வீட்டுப் பாட்டிக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை. "பச்சப் புள்ளையைப் பட்டினி போட்டுக் கூட்டிட்டுப் போவாங்களா" என்று காலையில் பாலில் நாலு பிஸ்கட் நனைத்துக் கொடுத்துவிட்டார். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். தப்பு பாட்டியுடையது இல்லை. நாய்க்கு உண்மையில் சோறு போடுவது யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது முந்தின நாள் மாலை அந்த ஆளிடமே போனில் பேசிவிடுகிறேன்.

கட்டியும் அதைச் சுற்றிய மடியும் எடுத்தோம், கருப்பையையும் சேர்த்து. நாலரை சென்டிமீட்டர். ஃபார்மலினில் போட்டு பயாப்ஸிக்கு அனுப்பினோம். இதை மட்டும் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். வெட்டிய கட்டி என்ன என்று தெரியாமல் அடுத்து என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் காசு குறைவு என்றால் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே எழுதி அனுப்புவதில் எங்களுக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

முதல் இரவுதான் வீட்டாருக்குக் கடினம். மயக்கம் தெளியும்போது நாய் முனகும், நடுங்கும், உங்களையே தெரியாத மாதிரி பார்க்கும். பெரும்பாலும் அது வலி இல்லை, மருந்தின் கிறக்கம். உடம்பு சில்லென்றிருக்கும், போர்த்திவிடுங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் யாராவது பாய் போட்டுப் படுத்தால் போதும். 24 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்துவிட வேண்டும். மலம் மூன்று நாள் வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வெளுத்திருந்தால் நடு இரவானாலும் கூப்பிடுங்கள்.

நான்காம் நாள் அக்கா பதறிக்கொண்டு போன் செய்தார். ரோசியைக் காணோம் என்று தேடினால் தறிக்குழிக்குள் படுத்திருக்கிறது. ஒன்பது வருடமாக அதற்கு அந்தக் குழிதான் படுக்கை. மிதிபலகைக்குப் பக்கத்தில், வெயில் காலத்தில் வீட்டிலேயே குளுமையான இடம். ஆனால் ஈர மண். அதில் இறங்கக் குதிக்கவும் வேண்டும். தையலுக்கு அடியில் நீர் கோத்து மெத்தென்று ஒரு பை தொங்கியது. மடி ஆபரேஷனில் இது அடிக்கடி வருவது, தானாகவும் வற்றும். ஆனாலும் காட்டிவிடுவது நல்லது. குழிக்கு மேல் பலகை போட்டு மூடினார்கள். தம்பி தறியை நிறுத்திவிட்டு பத்து நாள் பாவு வேலையைப் பார்த்தார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கோனை ரோசி சுவரில் இடித்து இடித்தே உடைத்துவிட்டது. பழைய பருத்தி பனியனை வெட்டி மாட்டச் சொன்னேன். காற்றோட்டமாக இருந்தது, ஈயும் மொய்க்கவில்லை. தினமும் துவைத்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். புண்ணில் மஞ்சள் தூளோ வேப்பெண்ணெயோ தடவாதீர்கள். அக்கறையோடுதான் தடவுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தையலுக்குள் போன தூளைக் கழுவி எடுக்கும்போது கத்துவது உங்கள் நாய்தான். மனிதர் போடும் வலி மாத்திரை எதுவும் வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலைப் புண்ணாக்கி ரத்தம் கக்க வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். (பிணம் தின்னிக் கழுகுகளைக் கொன்றதற்காக டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இலேயே தடை வந்துவிட்டது.)

பாட்டி தெம்புக்கு ஆட்டுக்கால் சூப் வைத்திருந்தார். ஊற்றுவதற்கு முன் நல்லவேளையாக என்னைக் கேட்டார். அதில் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்தம் இழந்த நாய்க்கு அது விஷம். அதே ஆட்டுக்காலை உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுச் சாறாகக் கொடுக்கச் சொன்னேன். முட்டை, எலும்பில்லாத கோழி, தயிர்ச் சோறு எல்லாம் சரி. திராட்சை கூடாது. புற்றுக்கு முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கலாமா என்று வாட்ஸ்அப் செய்தியைக் காட்டிக் கேட்டார் தம்பி. வேண்டாம் என்றேன்.

பயாப்ஸி முடிவு வர இரண்டு வாரம் ஆனது. ஆபரேஷனைவிட அந்த இரண்டு வாரம்தான் அந்த வீட்டை வாட்டியது. அக்கா ராத்திரியெல்லாம் ரோசியின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வேறொன்று செய்யச் சொன்னேன்: ரோசிக்குப் பிடித்த ஐந்து விஷயங்களைக் காலண்டர் தாளில் எழுதி, தினமும் எத்தனை செய்தது என்று கோடு போடுங்கள். பால்காரர் மணிக்குக் குரைப்பது, தறிச் சத்தம் நின்றதும் சாப்பாட்டுக்கு வந்து நிற்பது, இப்படி. மூன்றாம் நாள் ஒரு கோடு இருந்த தாளில் பத்தாம் நாள் நாலு கோடு இருந்தது.

பதினான்காம் நாள் தையல் பிரித்தேன். அன்றைக்கே முடிவும் வந்தது. புற்றுதான். கிரேடு 1, அதாவது வேகம் குறைந்த வகை; வெட்டிய விளிம்புகளில் புற்றுச் செல்கள் இல்லை. மேற்கொண்டு மருந்து தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே, மாதம் ஒருமுறை வீட்டிலேயே மடியைத் தடவிப் பார்ப்பது. மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு காம்புக்கும் கீழே இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க அக்காவுக்குக் கற்றுக் கொடுத்தேன். பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: "இனி குழிக்குள்ள போலாங்களா?" சாக்கு விரித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

போன மாதம் ரோசி மறுபடி வந்தது. இந்த முறை வலது பக்கம், மூன்றாவது காம்புக்குக் கீழே. நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சின்னது.

"நேத்து ராத்திரி தட்டுப்பட்டுச்சுங்க டாக்டர். கடுகுதான்" என்றார் அக்கா. புதன்கிழமைக்கு நாள் குறித்தேன். நான் வாயைத் திறக்கும் முன்னே, "செவ்வாய் ராத்திரியோட சாப்பாட்டை நிறுத்திடறோம். பிஸ்கட் டப்பாவை அம்மா மேல் அலமாரில வெச்சுட்டாங்க" என்றார்.