பழைய கடவுச்சொல்லைப் புதிய சர்வர் ஏன் ஏற்கவில்லை?

"போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். தரவு ஒரு வரிகூடச் சேதமில்லை. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே விட மறுக்கிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

கடவுச்சொல் சரிதான்; அதைச் சேமித்த முறைதான் பழையது. ஒழுங்கான சர்வர் எதுவும் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காது. அதை மீட்க முடியாதபடி கணக்கால் அரைத்துக் கிடைக்கும் குறியீடான ஹாஷை மட்டும் வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் நெடுங்காலம் கடவுச்சொல்லோடு பயனர்பெயரை ஒட்டி எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையில் அரைத்துவந்தது. உள்ளே நுழைய அந்த ஹாஷே போதும் என்பதுதான் அதன் கோளாறு. ஹாஷ்கள் உள்ள அட்டவணையைத் திருடியவனுக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை.

2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு ஸ்க்ராம் என்ற புதிய கடவுச்சொல் சரிபார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்புநிலை. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதில்தான் இருக்கிறது.

கடவுச்சொல்லையும் 'உப்பு' எனப்படும் தற்செயல் எண்ணையும் சேர்த்து 4096 சுற்று அரைத்து, அதிலிருந்து ஒரு சாவியை உருவாக்குகிறார்கள். சாவி சர்வரிடம் இருக்காது. சாவியை இன்னொரு முறை அரைத்த பொடிதான் இருக்கும். இணையும்போது இருபுறமும் புதிய தற்செயல் எண்களைப் பரிமாறிக்கொள்கின்றன. பயனரின் கணினி கடவுச்சொல்லிலிருந்து சாவியையும் பொடியையும் தானே உருவாக்கி, அந்த உரையாடலைப் பொடியோடு கலந்து ஒரு போர்வை நெய்து, சாவியை மூடி அனுப்புகிறது. சர்வரிடமும் பொடி இருப்பதால் அதே போர்வையை அதுவும் நெய்துகொள்ளும். எக்ஸ்ஓஆர் எனும் பிட் கணக்கில் ஒருமுறை போர்த்தினால் மூடும். அதையே மறுமுறை போர்த்தினால் விலகிவிடும்! வெளிப்பட்ட சாவியைச் சர்வர் அரைத்துப் பார்க்கும். கையிலுள்ள பொடியோடு பொருந்தினால் அனுமதி.

அட்டவணையை மட்டும் திருடியவன் போர்வையை நெய்யலாம், மூடி அனுப்பச் சாவி இருக்காது. வழியில் ஒட்டுக்கேட்பவனுக்கு மூடிய சாவி கிடைத்தும் போர்வை விலகாது. இரண்டையும் ஒருவனே செய்தால் சாவி போய்விடும். அதனால் இணைப்பையும் டிஎல்எஸ் கொண்டு மறையாக்கம் செய்வது நல்லது.

இனி வாசகரின் சிக்கல். பதிப்பு மாறும்போது பழைய எம்டி5 ஹாஷ்கள் அப்படியே கூடவே வரும். அரைத்ததை மீட்க முடியாததால் அவற்றை ஸ்க்ராமாக மாற்ற சர்வருக்கு வழியில்லை. அணுகல் விதிக் கோப்பில் 'ஸ்க்ராம்' என்று முதலிலேயே எழுதியதால் எல்லோரும் வெளியே நின்றிருக்க வேண்டும். அங்கே 'எம்டி5' என்றே விட்டிருந்தால் சர்வர் இரண்டு வகை ஹாஷையும் ஏற்கும். அந்த இடைவெளியில் நிரல்கள் சர்வரோடு பேச உதவும் இணைப்பு நூலகங்களைப் புதுப்பித்து, ஒவ்வொரு பயனருக்கும் கடவுச்சொல்லை மறுபடி அமைத்து, கடைசியாக விதியை இறுக்கியிருக்கலாம்.

தயவுசெய்து "இப்போதைக்கு" என்று சொல்லி அந்த விதிக் கோப்பில் 'டிரஸ்ட்' என எழுதிவிடாதீர்கள். அந்த வரிக்குப் பொருந்தி வரும் எவரையும் அது கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும். "ஓடுவதைத் தொடாதே" என்பது கணினித் துறையின் சகுன நம்பிக்கை; அதற்குப் பயந்தே அந்த வரி ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும்.

கடவுச்சொல்லை மாற்றும்போது தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் கட்டளையாக எழுதினால் அது பதிவுக் கோப்பில் வெளிப்படையாகப் பதியக்கூடும். போஸ்ட்கிரெஸுடன் வரும் பிஎஸ்க்யூஎல் கருவியில் இதற்கென்றே உள்ள பாஸ்வேர்டு கட்டளை உங்கள் கணினியிலேயே அரைத்துவிட்டுத்தான் அனுப்புகிறது.