மலையில் ஓடிய பிக்கப்: மீட்டரில் தெரியாத வயது

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ பழைய பிக்கப் வாங்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். 80,000 கிலோமீட்டர் என்றால் ‘அதிகம் ஓடாத வண்டி’ என்று மனசு சமாதானமாகிவிடும். ஆனால் மீட்டர் எண்ணுவது சக்கரம் உருண்ட தூரத்தை. என்ஜின் தேய்வது அது சுற்றிய சுற்றுகளால்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமவெளியில் டாப் கியரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பிக்கப்பின் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், அதாவது 2,000 சுற்று. அதே வண்டி பர்லியாறைத் தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில், உர மூட்டைகளோடு, இரண்டாம் கியரில் 20 கி.மீ. வேகத்தில் 2,200 சுற்றில் ஏறுகிறது. இப்போது ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம், 6,600 சுற்று. மூன்று மடங்குக்கும் மேல். அந்தச் சுற்று ஒவ்வொன்றும் முழு பாரத்தில் நடப்பது. அதனால்தான் மலை வண்டிக்கு என்ஜின் ஆயிலைச் சமவெளிக் கணக்கில் மாற்றக் கூடாது. வண்டியோடு வரும் கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்குத் தனி இடைவெளி கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் 10,000 கி.மீ. என்பதை 5,000 ஆக்கிக்கொள்வது நல்லது. ஆயில் செலவு என்ஜின் வேலைச் செலவுக்குப் பக்கத்தில் கூட வராது.

சுற்று கூடினால் தேய்மானம் கூடும் என்றால், இறக்கத்தில் நியூட்ரல் போட்டுவிட்டால் என்ஜினுக்கும் நல்லது, டீசலும் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய டீசல் என்ஜின்களில் எரிபொருள் தெளிப்பே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது, உள்ளே வெடிப்பு இல்லை, அழுத்தம் குறைவு, தேய்மானமும் குறைவு. நியூட்ரலிலோ என்ஜின் நின்றுவிடாமல் இருக்கவே டீசல் எரிய வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் அதற்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே. கேரட் லோடோடு 3 டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 5.6 கோடி ஜூல். 20 லிட்டருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்க அது போதும். டயர் உராய்வும் காற்றும் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளலாம். மீதியை என்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும்.

முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால், சக்கரத்தோடு சுற்றும் டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகுகிறது. லைனிங்கில் இருக்கும் பிசின் ஆவியாகிப் பிடிமானம் போகிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் லைனிங் சூடேறிவிட்டது என்று பொருள். பெடல் சொதசொதவென்று உள்ளே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆவியை அழுத்த முடியும், திரவத்தை அழுத்த முடியாது. அதனால் கால் தரும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அதே எண்கள் 230, 155. ஆண்டில் பாதி நாள் மூடுபனியில் நிற்கும் வண்டிக்கு இரண்டு ஆண்டு காத்திருக்காமல் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது உத்தமம்.

என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் என்ஜின் ஓடினால்தான் உருவாகும். இரண்டு மூன்று மிதியில் சேமிப்பு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கூடவே போகும். ஏறும் கியரிலேயே இறங்கு என்ற பழைய டிரைவர்களின் சொல் ஊட்டி-மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்படியே பொருந்தும்.

மலைக்காற்று அடர்த்தி குறைந்தது. ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ, அதாவது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி, இல்லாத சிறிய வண்டிகள் அதே அளவு இழுவையை இழக்கும். இது கோளாறு இல்லை, ஆகவே அந்த வண்டியின் பலத்தை ஊட்டியில் ஓட்டிப் பார்த்து எடை போடாதீர்கள். டர்போ வண்டி இதைச் சமாளித்துவிடும். ஏற்றம் முடிந்து மண்டியில் நிறுத்தியதும் சாவியைத் திருகாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஸ்லோவில் ஓட விடுங்கள். இல்லையென்றால் டர்போ பேரிங்கில் தங்கிய ஆயில் சூட்டில் கரியாக உறைந்துவிடும். தண்ணீரும் ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அந்த வரம்பை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஓடைத் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்ய 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். நீண்ட ஏற்றம் அதற்கு உதவும். தேயிலைத் தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் இடையே கொழுந்து மட்டும் ஏற்றி இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. சுத்தம் பாதியில் நின்றால் எரியாத டீசல் ஆயிலில் இறங்கும், ஆயில் மட்டம் தானாக ஏறும்.

நல்ல என்ஜின் இருந்தும் விலை போகாத வண்டிகளைக் கெடுப்பது துரு. கழுவிய கேரட் மூட்டையிலிருந்து வடியும் சேற்று நீர் சேஸ் ஓட்டைகளை அடைக்கிறது. உரத்தில் வரும் பொட்டாஷ் பெரும்பாலும் குளோரைடு உப்பு. கடலோர உப்புக் காற்றைப் போலவே இரும்பைத் தின்னும். உர லோடு இறக்கிய அன்றே பெட்டியையும் அடிப்பக்கத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும்.

வாங்கப் போகிறவர் காலையில், என்ஜின் தொட்டால் குளிரும் நேரத்தில் போவது நல்லது. முதலில் ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள்: மட்டம் மேல் கோட்டைத் தாண்டி டீசல் வாடை அடித்தால் வேண்டாம். ரேடியேட்டரில் செம்பழுப்புத் தண்ணீர் இருந்தால் கூலண்ட் ஊற்றாத வண்டி. என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பின்சக்கர டிரம்மைக் கழற்றச் சொல்லி உள் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், தடித்த வரம்பு தட்டுப்பட்டால் பிரேக்கிலேயே இறங்கிய வண்டி. கமான் பட்டை மாட்டியிருக்கும் இடங்களையும் கேபினுக்குப் பின்னால் சேஸையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், உதிரக் கூடாது. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்பதால் அது எப்போது முடிகிறது என்பதையும் பாருங்கள். பிறகு ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் அழுத்துங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு போய்விட்டது, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.